சின்ன வாய் லென்ஸ்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்திலுள்ள எல்லா லென்ஸும் அத்துப்படி என்று சனங்களுக்கு ஒரு நினைப்பு. இருபத்திரண்டு வருடமாக நான் பிளஸ், மைனஸ் பார்த்து, கண்ணாடியைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுக்கிறேன். கேமரா லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுவும் உருண்டையாக இருக்கும் என்பதுதான். உள்ளதைச் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். அதனால்தான் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விவகாரத்தில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

நான் குடியிருப்பது அக்காவின் வீட்டு மாடியில், ஒற்றை அறையில். கீழே அக்காவும் அவர் மகளும். அக்கா கூடப் பிறந்தவரல்ல, வீட்டுக்காரம்மா; குடிவந்த அன்றே என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டதால் அக்கா ஆனார். அவருக்குத் தையல் வேலை. புதுத்துணி தைக்கமாட்டார், பழுது மட்டும்தான். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் யூனிஃபார்மில் மடிப்பைப் பிரித்து நீளம் விடுவது. மகள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அக்காவின் கணவரை ஸ்டுடியோக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்பு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர். மாடி ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளைக் கூப்பிடாமல் அவரே ஏணி போட்டு ஏறிவிடுவார்.

அவர் விட்டுப்போனது ஒரு தகரப் பெட்டி. அதில் மூன்று லென்ஸ்கள்: அகலமாகப் பிடிக்க ஒன்று, தூரத்துக்கு நீளமாக ஒன்று, முகம் எடுக்க நடுத்தரமாக ஒன்று. கேமரா எப்போதோ செத்துவிட்டது. ஷட்டர் துணி இற்றுப்போய், மாற்றுத் துணி கிடைக்காமல், அவரே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். லென்ஸ்களை மட்டும் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

அது விடாத மழை மாதம். துவைத்த துணி நாலு நாளாகியும் காயாமல் கூடம் முழுக்கக் கொடியில் தொங்கியது. ஈர நாற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகள் பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள்.

"அங்கிள், இந்த மூணுக்கும் ஒரு பாடி வாங்கணும். பழைய ஃபிலிம் கேமரா பாடி. நீங்க கூட வாங்க."

"பாடின்னா?"

"லென்ஸ் இல்லாத கேமரா. வெறும் உடம்பு."

"அப்ப நாம தலையை வெச்சுக்கிட்டு உடம்பு தேடறோம்."

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

மெஷினிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "கையில இருக்கிற போன்ல எடுத்தா படம் விழாதா? எவனாவது ஃபிலிமைக் கழுவித் தரானா இப்ப? உங்கப்பாவோடயே போச்சுன்னு நினைச்சேன் அந்தப் பைத்தியம்."

"அப்பா பார்த்த கண்ணாடி வழியா நானும் பார்க்கணும்மா. அவ்வளவுதான்."

அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மேலே போவதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் குழம்பியதுபோல் நீங்களும் குழம்புவீர்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அந்த ஸ்டுடியோவை நடத்தியது இரண்டு பேர். ஸ்டுடியோக்காரர் ஒருவர், அக்காவின் சொந்தத் தம்பி இன்னொருவர். ஆளுக்கொரு கேமரா. இரண்டுமே லென்ஸைத் திருகிப் பொருத்துகிற ரகம்தான். ஆனால் தம்பியின் கேமரா இன்னும் பழசு, அதன் வாய் முப்பத்தொன்பது மில்லிமீட்டர். ஸ்டுடியோக்காரருடையது நாற்பத்திரண்டு. ஒரு நாள் அலமாரியில் வைத்த தம்பியின் லென்ஸைக் காணோம். இருந்தது அந்த ஒரே லென்ஸ். அலமாரிக்குச் சாவி இரண்டு, ஆளுக்கொன்று. பூட்டு உடையவில்லை. தம்பி சுற்றி வளைக்காமல் அத்தானிடமே கேட்டுவிட்டார்.

ஸ்டுடியோக்காரர் சொன்ன பதில் தெருவுக்கே மனப்பாடம். "அவன் லென்ஸ் வாய் முப்பத்தொன்பது. என் கேமரா வாய் நாப்பத்திரெண்டு. உள்ள விட்டா தொளதொளன்னு கீழ விழும். அதை எடுத்து நான் என்ன, ஊறுகாய் போடவா?"

நியாயமான கேள்வி. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தம்பி மட்டும் ஆட்டவில்லை. அன்றைக்கு அக்கா வாசலில் நின்று சொன்னது: "என் புருஷனைத் திருடன்னு சொன்ன வாயால இனி என்னை அக்கான்னு கூப்பிடாதே." தம்பி போனவர் போனவர்தான். லென்ஸ் இல்லாமல் தொழிலும் போயிற்று. ஸ்டுடியோக்காரர் செத்ததற்கும் அக்கா சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அக்கா சொல்லித்தான். நான் குடிவந்த இந்த ஒன்பது வருடத்தில் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஜிப் தைத்துக்கொண்டே சொல்வார். ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்பதும் நாற்பத்திரண்டும் வந்துவிடும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்கும் அவருக்கும் வித்தியாசம் இருக்காது. அவ்வளவு தடவை சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று நான் கேட்டதில்லை.

கேமரா பழுது பார்ப்பவர் கடைத்தெருவில் ஒரு பேனாக் கடைக்கு மாடியில் இருந்தார். ஒரு இடத்தில் உட்கார மாட்டார், அதனால் ஸ்பிரிங்கு என்று பெயர். மேஜை நிறையச் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கடுகளவு ஸ்க்ரூக்கள். தும்மினால் ஒரு வாரத்து வேலை போய்விடும் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டே நின்றேன். அக்காவும் வந்திருந்தார். ஜிப் வாங்க வந்தவர், மழைக்கு ஒதுங்கி எங்களோடு ஏறிவிட்டார். ஈரக் குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஸ்பிரிங்கு மூன்று பாடிகளை எடுத்து வைத்தார்.

"இது பார்க்க லட்சணமா இருக்கும். ஆனா கவ்வுற வாய். லென்ஸை வெச்சுக் கால் சுத்து சுத்தினா கவ்விக்கும். உங்களது திருகு. ரெண்டுக்கும் ஏழாம் பொருத்தம்."

"அப்ப வேண்டாம்," என்றாள் மகள்.

"இது திருகு வாய். உள்ள வெளிச்சம் அளக்கிற முள் இருக்கு. ஆனா இதுக்குப் போடற பேட்டரி இப்ப எங்கயும் வர்றதில்ல. வேற பேட்டரி போட்டா முள் பொய் சொல்லும்."

"எவ்வளவு பொய் சொல்லும்?" என்றேன். நானும் ஏதாவது கேட்க வேண்டுமே.

"அது வெயிலைப் பொறுத்து." இந்தப் பதில் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"மூணாவது?"

"முள்ளும் கிடையாது, மண்ணும் கிடையாது. வெறும் இரும்பு. ஆணி அடிக்கலாம். அப்பா வெச்சிருந்த மாதிரியே நாப்பத்திரெண்டு வாய். உங்க லென்ஸும் பழசு, வெளிச்சம் விடற ஓட்டை தானா மூடித் திறக்கிற சங்கதி எதுவும் அதுல கிடையாது, எல்லாம் கையாலதான். பழசுக்குப் பழசு, ஒத்துப்போகும்."

சொல்லிக்கொண்டே அகல லென்ஸைத் திருகினார். வெண்ணெயாக உள்ளே போயிற்று. கழற்றினார். நீள லென்ஸ், அதுவும் போயிற்று. கடைசியாக நடு லென்ஸ். தெருவில் பாதிப் பேரின் முகம் அதன் வழியாகத்தான் அடையாள அட்டைக்குப் போனது, என் முகமும்கூட. அதுவும் பொருந்தியது. மகள் கண்ணை வைத்து எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தாள். "அம்மா, எழுத்து ஒவ்வொண்ணும் தெரியுது. பாரேன்." அக்காவும் வாங்கிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் எட்டு மாதமாகப் பார்க்கவில்லை.

ஸ்பிரிங்கு நடு லென்ஸைக் கழற்றப் போனார். வரவில்லை. ரப்பர் துண்டு சுற்றி இறுக்கிப் பிடித்துத் திருகினார். சட்டென்று ஒரு சத்தம். லென்ஸ் கையோடு வந்தது, ஆனால் கேமராவின் வாயில் மெல்லிசாக ஒரு பித்தளை வளையம் தங்கிவிட்டது.

"உடைஞ்சிருச்சா?" மகள் பதறிப்போனாள்.

"உடையலம்மா. ரிங்கு. லென்ஸோட வந்திருக்கணும், இங்க ஒட்டிக்கிச்சு." ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பித் திருகி அதை வெளியே எடுத்தார். "அட, இந்த லென்ஸ் நிஜத்துல முப்பத்தொன்பதா. சின்ன வாய். இந்த ரிங்கைப் போட்டா நாப்பத்திரெண்டு ஆயிடும். கச்சிதமா உக்காரும். அந்தக் காலத்துல நானே டஜன் டஜனா வித்திருக்கேன்."

எனக்கு அது உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. நான் வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தாள் கனத்தில் இவ்வளவு சுத்தமாக மரை வெட்டியிருக்கிறானே என்று. திரும்பிப் பார்த்தபோது அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"தம்பி, அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

ஸ்பிரிங்கு சந்தோஷமாகவே சொன்னார். அவருக்கு என்ன தெரியும். முப்பத்தொன்பது, வளையம், நாற்பத்திரண்டு.

"இந்த ரிங்கை யாருக்கு வித்தீங்க?"

"நான் வித்ததா என்னன்னே தெரியலையே. வித்திருக்கலாம். இருபது வருஷம் இருக்கும்."

"அது என்ன ஓரத்துல செவப்பா?"

"நகப்பாலிஷ். மரையில ஒரு சொட்டு வெச்சா கழறாது. நாங்களும் வைப்போம்."

"கழறாம இருக்க மட்டும்தானா?"

"வேற எதுக்கு?"

"ரிங்கு இருக்கிறதே தெரியாம இருக்க."

ஸ்பிரிங்கு முதல் தடவையாக அசையாமல் நின்றார். அக்காவைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். அவர் கடைத்தெருவில் பழந்தின்று கொட்டை போட்டவர், அந்தப் பழைய சண்டை அவர் காதுக்கும் வந்திருக்கும். "அது வெச்சவங்களைத்தான் கேக்கணும்கா," என்றார். பிறகு சமாளிக்கிற குரலில், "மூணுக்கும் இந்த ஒரே பாடி போதும். ரிங்கை மறுபடி மாட்டிடறேன், வித்தியாசமே தெரியாது," என்றார்.

"மாட்டாதீங்க. தனித்தனியாவே குடுங்க."

அன்றைக்குப் பாடி வாங்கவில்லை. ஜிப் பொட்டலத்தை அக்கா அங்கேயே மறந்துவிட்டு வந்தார். நான் திரும்பப் போய் எடுத்துவந்தேன்.

அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் நடந்ததைக் கேட்டால் எந்த நீதிபதிக்கும் தலை சுற்றும். மகள் அப்பாவுக்கு வக்கீலாகிவிட்டாள்.

"அப்பா அதை வேற யார்கிட்டயாவது வாங்கியிருக்கலாம். முப்பத்தொன்பது வாய் லென்ஸ் ஊர்ல மாமாகிட்ட மட்டும்தான் இருந்துச்சா?"

அதுவும் சரிதானே என்று எனக்குத் தோன்றியது.

"வாங்கினவர் ரிங்கு போட்டா பொருந்தும்னு தெரிஞ்சுதானே வாங்கியிருப்பார்? அப்புறம் பொருந்தவே பொருந்தாதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது?" என்றார் அக்கா.

அதுவும் சரியாகவே இருந்தது.

"சண்டை நடந்தப்ப தெரியாம இருந்திருக்கும். அப்புறம் தெரிஞ்சு, அப்புறம் வாங்கியிருப்பார்."

"அப்ப அவரோட சொந்த நடு லென்ஸ் எங்க?"

மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் படியேறி மாடிக்குப் போவதற்குள் இரண்டு தடவை கட்சி மாறியிருந்தேன். ஸ்டுடியோக்காரர் ஏணியில் நின்று ஓட்டை அடைத்தது ஞாபகம் வரும், சே, அவரா என்று தோன்றும். சிவப்புப் பாலிஷ் ஞாபகம் வரும், பின்னே வேறு யார் என்று தோன்றும். ஒரே மனிதரை இரண்டு ஃபிரேமில் போட்டுப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

அக்காவின் நிலைமைதான் மோசம். ஒரு பேன்ட்டுக்கு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். பிரித்துத் தைத்து, மறுபடியும் தலைகீழ். மூன்றாம் தடவை பிரித்தபோது துணி நைந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, அவர் திருடன் இல்லைன்னா என் தம்பி பொய்யன். என் தம்பி பொய்யன் இல்லைன்னா அவர் திருடன். நடுவுல நிக்க இடமே இல்லையா?"

"இருக்கும்கா. நமக்குத் தெரியாத ஏதாவது..."

"பத்தொன்பது வருஷமா அவனை வாசல்ல விடலை. இவரோட படுத்து எந்திரிச்சேன். தப்பு எந்தப் பக்கம்னு தெரியாம இனி எப்படி நான் சோறு திங்கறது?"

பதிலுக்கு நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

அக்காவின் தம்பி இருக்கிற இடத்தை ஸ்பிரிங்கிடம் கேட்டு வாங்கினேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம், மொத்தமாக முட்டை விற்கிற ஒரு கிடங்கில் வேலை. மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் வர மனமில்லை. நானும் அக்காவும்தான் போனோம். லென்ஸையும் வளையத்தையும் கைக்குட்டையில் முடிந்து அக்கா மடியில் வைத்திருந்தார். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சாரல். மூடுவதும் திறப்பதுமாகப் பாதி வழி போனது.

"ஒண்ணு ஞாபகம் வருது தம்பி," என்றார் திடீரென்று. "அவன் லென்ஸ் காணாமப்போன சமயத்துலதான் அவர் கையில இருந்து ஒரு லென்ஸ் கீழ விழுந்துச்சு. படியில உருண்டு போச்சு. முகம் பேயறைஞ்ச மாதிரி வந்தார். அடுத்த வாரம் வரிசையா நாலு கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டிருந்தார். ரெண்டு நாள் கழிச்சு, சரி பண்ணிட்டேன், யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நானும் சொல்லலை. இவ்வளவு நாளா அதை நான் இதோட சேர்த்துப் பார்க்கவே இல்லை பாருங்க."

"உங்க தம்பிக்கு அது தெரியாதா?"

"தெரியாது. பார்க்க ரெண்டு பேர் லென்ஸும் ஒண்ணு போலவே இருக்கும். அவர் கேமராவுல மாட்டியிருந்தா அது அவரோடதுன்னுதானே எவனும் நினைப்பான்."

சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தார். சாரல் முகத்தில் அடித்தும் மூடவில்லை.

கிடங்கு இருட்டாக இருந்தது. வேலைக்காகவே இருட்டாக வைத்திருந்தார்கள். கூரை வரைக்கும் முட்டை அட்டைகள். ஒரு மூலையில் மரப்பெட்டி, உள்ளே பல்பு, பெட்டியில் முட்டை அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் முன்னால் ஒல்லியாக, நரைத்த தலையோடு ஒருவர். முட்டையை ஓட்டையில் வைத்தால் உள்ளே வெளிச்சம் பரவும். விரிசல், ரத்தப்புள்ளி, பழசு என்று ஒரு பார்வையில் பிரித்து மூன்று அட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு முட்டைக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆகவில்லை. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த முட்டையை எந்த அட்டையில் வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

"வாங்க," என்றார். பொதுவாக, இரண்டு பேருக்குமாக.

"வாங்கவா?" என்றார் அக்கா.

அவர் இரண்டு மரப்பெட்டிகளைத் துண்டால் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தோம். அத்தான் போனது தெரியுமா என்று அக்கா கேட்டார். தெரியும் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்பது அக்காவுக்கே தெரிந்ததோ என்னவோ, அதைக் கேட்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து அந்த விளக்குப் பெட்டியின் மேல் வைத்தார்.

"இது உன்னோடதா பாரு."

தம்பி லென்ஸை எடுத்தார். முதலில் அதன் வாயை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு முட்டை வைக்கிற ஓட்டையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு அட்டை முட்டையைப் பார்த்து முடித்திருக்கலாம்.

"என்னோடது இல்லை."

"நல்லா பாரு."

"பார்த்தாச்சு. லென்ஸுக்கு நம்பர் உண்டு, முன்னாடி போட்டிருக்கும். என் நம்பர் வேற."

"உன் நம்பர் என்ன?"

"மறந்துபோச்சு."

"மறந்துபோன நம்பர் வேறன்னு எப்படிடா தெரியும்?"

அவர் சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"ரிங்கு போட்டு மறைச்சு வெச்சிருந்தார். நகப்பாலிஷ் வெச்சு. அந்த வாரம் அவரோட லென்ஸ் கீழ விழுந்தது எனக்குத் தெரியும். எல்லாம் எனக்கு இப்பத்தான் புரியுது. நீ சொல்லிடு."

"என்ன சொல்லணும்?"

"எடுத்தார்னு சொல்லு."

"நான் அன்னிக்குச் சொன்னேன், நீ நம்பலை. இன்னிக்கு இல்லைன்னு சொல்றேன், அதையும் நம்ப மாட்டேங்கற. நான் என்னதான் சொல்றது, அக்கா?"

அக்கா என்ற அந்தச் சொல் வாயிலிருந்து நழுவியதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"அப்ப நீ பொய் சொல்லிப் பழி போட்டவன்னு ஆயிடும். அது பரவாயில்லையா உனக்கு?"

"பத்தொன்பது வருஷம் அப்படித்தானே இருந்தேன். பழகிப்போச்சு. அத்தான் போயிட்டார். பொண்ணு அப்பா லென்ஸுன்னு ஆசையா வெச்சிருக்கும். போனவரை இழுத்து வெச்சு எதுக்கு?"

"எனக்கு நிஜம் வேணும்டா."

"தெரிஞ்சுக்கிட்டு? அவர்கிட்டப் போய்ச் சண்டை போடப்போறியா?"

"யார்கிட்டயாவது மன்னிப்புக் கேக்கணும்ல," என்றார் அக்கா. "யார்கிட்ட கேக்கணும்னு தெரியாம எப்படிக் கேக்கறது? உன்கிட்டயா, அந்த மனுஷன் படத்துகிட்டயா?" அவர் குரல் உடைந்துவிட்டது. நான் முட்டைகளை எண்ணுகிறவன்போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி எழுந்துபோய் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். விரிசல் விட்ட முட்டைகளில் ஆறை எடுத்து, ஓட்டில் உப்புத் தடவி வேகப் போட்டார். உப்புத் தடவினால் விரிசல் வழியாக வெள்ளைக்கரு ரொம்பப் பிதுங்காது என்று என்னிடம் விளக்கினார். ரொட்டியை நெருப்பில் வாட்டினார். டீ போட்டார். அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, கேட்காமலே முட்டைகளை உரிக்க ஆரம்பித்தார். தம்பிக்கு மஞ்சள் கரு பிடிக்காது போலிருக்கிறது. அக்கா அவர் தட்டிலிருந்து மஞ்சளை மட்டும் எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். முட்டையின் மேல் ஒட்டிய ஓட்டுத் துணுக்குகளைத் தட்டிவிட்டபடி, மகளுக்கு எத்தனை வயது, முழங்கால் வலிக்கு என்ன மருந்து, மழை எப்போது விடும் என்று பேசிக்கொண்டார்கள்.

புறப்படும்போது தம்பி பஸ் நிறுத்தம் வரை வந்தார். இருந்த ஒரே குடையை அக்காவுக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். நானும்தான் நனைந்தேன், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் வந்தது. "பொண்ணைக் கூட்டிட்டு வா," என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அக்காவின் மடியைப் பார்த்தேன். கைக்குட்டை தட்டையாகக் கிடந்தது.

"அக்கா, லென்ஸை விட்டுட்டு வந்துட்டோம். இறங்கிடலாமா?"

"விட்டுட்டு வரலை. அது அவன் பெட்டி மேலயே இருந்துச்சு. எடுத்துக் கையில தருவானான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"மறந்திருப்பார்."

"நாம சாப்பிடறப்ப ஒரு துணியை எடுத்து அதுக்கு மேல போட்டான். தூசு படாம."

அதை நான் பார்க்கவில்லை. நான்தான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேனே. தன்னுடையது இல்லாத பொருளுக்கும் தூசு படக்கூடாது என்று நினைக்கிற ஆட்கள் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கமில்லை, இமைக்குள் கண் அசைந்துகொண்டே இருந்தது.

வீடு வந்தபோது மகள் வேலை முடித்து வந்திருந்தாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மாமா என்னம்மா சொன்னார்?"

"அவனோடது இல்லையாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே." அவளுக்கு உட்கார முடியவில்லை. பெட்டியைத் திறந்தாள், மூடினாள், ஸ்பிரிங்குக்கு நாளைக்கே போன் போடலாம் என்றாள். "அந்த மூணாவது பாடியவே வாங்கிடலாம் அங்கிள். மூணு லென்ஸுக்கும் அதுதான் சரி."

அக்கா ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். நைந்துபோன அந்தப் பேன்ட்டை எடுத்து, கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாக ஒரு துண்டுத் துணி வைத்து, ஊசிக்குக் கீழே நகர்த்தினார்.

"ரெண்டுக்குப் பொருந்தினா போதும்," என்றார்.

மகள் பெட்டியைத் திறந்து, நடு லென்ஸ் இருந்த இடத்தில் பஞ்சை நிரப்பி மூடினாள்.